தார் பாலையில் சிக்கனமாகக் கூடாரமிட்டுப் பறவை நோக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு ராஜஸ்தானில் பரந்து கிடக்கும் தார் பாலைவனத்துக்குக் குளிர்காலத்தில் பறவை பார்க்கச் செல்ல விரும்புவோர், குறிப்பாக அளவான பணத்தோடும் சொந்தக் கூடாரத்தோடும் புறப்பட நினைப்போர், திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. பாலையில் செலவு கூடுவது பெரும்பாலும் அலைச்சலால்தான். ஓரிடத்தில் தங்கி, நடந்து, உட்கார்ந்து பார்ப்பவருக்குச் செலவும் குறையும், பறவைகளும் கூடுதலாகக் கிடைக்கும் என்பது என் உறுதியான கருத்து. கீழுள்ள விடைகள் பலவும் அதை ஒட்டியே அமைந்துள்ளன.

எந்த மாதங்களில் செல்ல வேண்டும்?

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை. வலசை வரும் கழுகுகள், பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகள், வீட்டியர் என்னும் சிறு தரைப்பறவைகள், வானம்பாடிகள் ஆகியவை அந்த மாதங்களில்தான் அங்கே நிறைந்திருக்கும். பகல் வெயிலும் நடக்கக்கூடிய அளவில் இருக்கும். கோடையைப் பற்றி எண்ணவே வேண்டாம். ஜெய்சால்மருக்குப் போகும் வழியிலுள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 பாகை செல்சியஸ் பதிவானது. இந்தியாவில் அதுவரை பதிவாகியிருந்த வெப்பநிலைகளில் அதுவே மிக உயர்ந்தது.

குளிர்காலத்திலும் இரண்டு காலப்பகுதிகளைத் தவிர்த்துவிடுவது நல்லது. டிசம்பர் கடைசி வாரத்தில் ஜெய்சால்மருக்கு அருகிலுள்ள சாம் மணல்மேடுகளைச் சுற்றியுள்ள முகாம்களில் புத்தாண்டுக் கொண்டாட்டம் களைகட்டும். ஒலிபெருக்கியின் இரைச்சலில் உறங்கவும் முடியாது, வாடகையும் பன்மடங்காக ஏறியிருக்கும். மாசி மாதத்தை ஒட்டிய முழுநிலவில் ஜெய்சால்மரில் பாலைவனத் திருவிழா நடக்கும் நாள்களும் அப்படித்தான். என்னைக் கேட்டால் ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரங்களையே சொல்வேன்.

எந்தெந்த இடங்களை ஒரே பயணத்தில் இணைக்கலாம்?

பிகானேர், பலோடி, ஜெய்சால்மர் ஆகிய மூன்று ஊர்களும் ரயில் பாதையால் இணைக்கப்பட்டவை. அந்த வரிசையிலேயே செல்வது வசதியானது. மூன்று ஊர்களும் மூன்று விதமான பறவை அனுபவத்தைத் தருகின்றன.

பிகானேர் நகரின் ஓரத்தில் ஜோர்பீர் உள்ளது. இறந்த கால்நடைகளைப் பல காலமாகக் கொண்டுவந்து போடும் திறந்தவெளி அது. இப்போது பாறுகளுக்கான பாதுகாப்புப் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. குளிர்காலத்தில் மஞ்சள்முகப் பாறு, யூரேசியப் பாறு, இமயமலைப் பாறு, சினேரியஸ் பாறு ஆகியவற்றையும் புல்வெளிக் கழுகுகளையும் அங்கே கூட்டம் கூட்டமாகக் காணலாம். நாற்றம் கடுமையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் 1990-களில் டைக்ளோபினாக் என்ற வலிநிவாரணி மருந்து கால்நடைகளின் உடல் வழியாகப் பாறுகளுக்குள் சென்று, அவற்றில் சில இனங்களை இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேலாக அழித்துவிட்ட வரலாற்றை அறிந்தவருக்கு, ஒரு காய்ந்த மரத்தில் இருபது முப்பது பாறுகள் தோள் குறுக்கி அமர்ந்திருக்கும் காட்சி மூக்கைப் பொத்திக்கொண்டாவது நின்று பார்க்கத் தக்கது. கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது 2006-இல் தடை செய்யப்பட்டது. அதே வகையில் தீங்கு செய்யும் கீட்டோபுரோபன், அசெக்ளோபினாக் ஆகியவையும் 2023-இல் தடை செய்யப்பட்டன.

பலோடிக்கு அருகில் நான்கைந்து கிலோமீட்டர் தொலைவில் கீச்சன் கிராமம். மங்கோலியா, கசகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளில் முட்டையிட்டுப் பெருகும் டெமாய்செல் பெருங்கொக்குகள் செப்டம்பரை ஒட்டி வரத் தொடங்கி மார்ச் வரை ஆயிரக்கணக்கில் இங்கே தங்குகின்றன. உள்ளூர் மக்கள் இவற்றைக் குர்ஜா என்கிறார்கள். கிராமத்தார், குறிப்பாக ஜைனக் குடும்பங்கள், வேலியிட்ட ஒரு மைதானத்தில் அன்றாடம் தானியம் பரப்பி வைக்கிறார்கள். காலையில் கொக்குகள் அணி அணியாக வந்து இறங்கித் தின்றுவிட்டுப் பின்பு குளக்கரைக்குச் செல்லும். 2025 ஜூனில் கீச்சன், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மைதானத்தை ஒட்டிய வீடுகளின் மொட்டைமாடியிலிருந்து அனுமதி கேட்டுப் பார்ப்பதே முறை.

ஜெய்சால்மரில் பாலைவன தேசியப் பூங்கா. ஜெய்சால்மர், பார்மேர் ஆகிய இரு மாவட்டங்களில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இது, பெயரில் தேசியப் பூங்காவாக இருந்தாலும் சட்டப்படி வனவிலங்கு சரணாலயமே. பயணத்தின் பெரும்பகுதியை இங்கே செலவிடுங்கள்.

நாள்கள் மிஞ்சினால் சூரு மாவட்டத்துத் தால் சாப்பர் சரணாலயத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏழு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள அந்தப் புல்வெளியில் வெளிமான் கூட்டங்களும், மாலையில் புல்லுக்குள் அடையும் பூனைப் பருந்துகளும் சிறப்பு. நாள் போதாவிட்டால் மூன்று இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்கையும் ஓடி ஓடிப் பார்ப்பதால் பயனில்லை.

தமிழ்நாட்டிலிருந்து குறைந்த செலவில் எப்படிச் செல்வது?

மன்னார்குடியிலிருந்து சென்னை வழியாக ஜோத்பூரின் பகத் கி கோட்டி நிலையத்துக்கு வாராந்திர ரயில் உள்ளது. படுக்கை வகுப்புக் கட்டணம் ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். மதுரையிலிருந்து பிகானேருக்குச் செல்லும் ரயில் முழுவதும் குளிர்சாதனப் பெட்டிகளைக் கொண்டது. கட்டணம் கூடுதல், ஆனால் நேராகப் பிகானேரில் இறங்கலாம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஹிசார் செல்லும் வண்டி ஜோத்பூர், பிகானேர் வழியாகவே போகிறது. இவை வாரம் ஒருமுறை வரும் வண்டிகள் என்பதால், முதலில் திரும்பும் பயணச்சீட்டை உறுதி செய்துகொண்டு அதற்கேற்ப நடுவில் உள்ள நாள்களைப் பிரிப்பதே புத்திசாலித்தனம். ஜோத்பூரிலிருந்து ஜெய்சால்மருக்கு இரவு வண்டியில் சென்றால் ஓர் இரவு அறை வாடகை மிச்சமாகும்.

விரும்பிய இடத்தில் கூடாரம் அடித்துக்கொள்ளலாமா?

கூடாது. சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எல்லைக்கு வெளியே ஆளில்லாத வெறும் மணல்போலத் தோன்றும் நிலத்துக்கும் உரிமையாளர் உண்டு. சில இடங்கள் ஒருவரின் மானாவாரிக் கம்பங்கொல்லை; சில இடங்கள் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம்; சில இடங்கள் ஓரண் எனப்படும் கோவில் காடு. ஓரணில் ஒரு குச்சியைக்கூட ஒடிப்பதை ஊரார் பொறுக்கமாட்டார்கள்.

சிக்கனமாகவும் முறையாகவும் தங்க எளிய வழி, கூரி கிராமத்திலோ பூங்காவின் ஓரத்திலுள்ள சிற்றூர்களிலோ ஒரு வீட்டாரிடம் பேசி, அவர்கள் முற்றத்திலோ கொல்லையிலோ கூடாரம் அடித்துக்கொள்வது. கூரி, ஜெய்சால்மருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; பேருந்தும் உண்டு. கூடாரத்துக்கு அவர்கள் கேட்பது சொற்பம். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம். இவ்வாறு தங்குவதில் பணத்தைவிடப் பெரிய ஆதாயம் ஒன்று உள்ளது. எந்தக் குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, நேற்று எந்தப் பக்கம் மாடு செத்துக் கிடந்தது, எந்த மரத்தில் கழுகு அடைகிறது என்பதெல்லாம் ஆடு மேய்த்துவிட்டு மாலையில் வீடு திரும்புபவருக்குத் தெரியும். இந்தத் தகவல் எந்த விடுதியிலும் கிடைக்காது.

பூங்காவுக்குள் சுதாசரியில் வனத்துறையின் குடில்கள் உள்ளன. நுழைவு அனுமதிக்கும் தங்குமிடத்துக்கும் ஜெய்சால்மரில் உள்ள பூங்காவின் வனத்துறை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும். விடுமுறை நாளில் சென்று நின்றால் ஒரு பகல் வீணாகும்.

எப்படிப்பட்ட கூடாரமும் படுக்கையும் தேவை?

விலையுயர்ந்த கூடாரம் தேவையில்லை. காற்றைத் தாங்கும் தாழ்வான கூடாரம் போதும். சிக்கல் முளைக்குச்சியில்தான் வரும். கூடாரத்தோடு தரப்படும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்பதேயில்லை. நள்ளிரவுக் காற்றில் ஒன்று பிடுங்கிக்கொண்டால் மற்றவையும் தொடர்ந்து வந்துவிடும். மளிகைக் கடைத் துணிப்பைகள் ஆறேழு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றிலும் மணலை நிரப்பி, கூடாரக் கயிற்றை அதன் கழுத்தில் சுற்றிக் கட்டி, முழங்கை ஆழக் குழியில் கிடையாகப் புதைத்து மேலே மணலை மிதித்து இறுக்கிவிட்டால் கூடாரம் அசையாது. செலவும் இல்லை, சுமையும் இல்லை.

இரவுக் குளிரைத் தமிழ்நாட்டிலிருந்து செல்வோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பகலில் 25 பாகை வெயிலில் நடந்தவர், விடியலில் ஐந்து ஆறு பாகையில் நடுங்குவார். சில இரவுகளில் அது பூஜ்யத்தை நெருங்கும். மேலும், மேற்குக் கோடியில் இருப்பதால் டிசம்பர் இறுதியில் ஜெய்சால்மரில் சூரியன் உதிக்கவே ஏழே கால் மணிக்கு மேல் ஆகும். இரவு பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. உடலுக்குக் கீழே விரிக்கும் நுரைப் பாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. மேலே எத்தனை போர்வை போர்த்தினாலும் கீழே பாய் மெலிந்தால் பயனில்லை. ரஜாய் எனப்படும் தடித்த பஞ்சுப் போர்வைகளைத் தங்கும் வீட்டிலேயே கேட்டால் தருவார்கள், அவற்றைச் சுமந்து செல்ல வேண்டாம்.

புருட் என்று அங்கே அழைக்கப்படும் புல்லின் முள்காய்கள் குளிர்காலத்தில் மணலெங்கும் உதிர்ந்து கிடக்கும். மிளகளவே உள்ள அந்தக் காய், காலுறையிலும் போர்வையிலும் கூடார வலையிலும் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். விரலால் பிடுங்கினால் முள் முனை தோலுக்குள் ஒடிந்து நின்றுவிடும். மேய்ப்பர்கள் சிறு சாமணம் ஒன்றைக் கழுத்திலோ இடுப்பிலோ தொங்கவிட்டிருப்பது இதற்காகவே. நீங்களும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பளிக் காலுறையைத் தவிர்த்து வழவழப்பான துணியில் கணுக்கால் உறை அணிவது நல்லது.

சமையலுக்கு எரிவாயு அடுப்பு கொண்டு செல்லலாமா?

ரயிலிலும் விமானத்திலும் எரிவாயு உருளைகளை, சிறிய முகாம் உருளைகளையும் சேர்த்து, எடுத்துச் செல்ல அனுமதியில்லை. விறகு பொறுக்கி எரிப்பதும் தவறு. பாலையில் காய்ந்து கிடக்கும் ஒரு புதர் பல்லிக்கும் வானம்பாடிக்கும் நிழல். அவ்வூர்ப் பெண்களுக்கு அதுவே அடுப்பெரிக்கும் விறகு. ஆகவே சமைக்காமல் இருப்பதே சிறந்தது.

காலையுணவுக்கு அவல் மிக ஏற்றது. விடியலுக்கு முன் மோரில் ஊறவைத்து, உப்பும் ஊறுகாயும் சேர்த்துச் சாப்பிட்டுக் கிளம்பிவிடலாம். அங்கே மோருக்குக் குறைவே கிடையாது. மற்ற வேளைகளுக்கு வீட்டாரின் சாப்பாடு போதும். நெய் தடவிய கம்பு ரொட்டி, கடி எனப்படும் மோர்க்குழம்பு, கேர் காயும் வன்னி மரத்தின் இளங்காயான சாங்கரியும் சேர்த்து வதக்கிய கறி ஆகியவை குளிருக்கு இதமானவை. கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சும் ராப், நம் கம்பங்கூழைப் போலவே வயிற்றில் நிற்கும். கீச்சனில் இறைச்சியும் முட்டையும் கொண்டு செல்லாதீர்கள். ஊரின் மனத்தை நோகச் செய்யும்.

தண்ணீர் ஓராளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது கையிருப்பில் இருக்க வேண்டும். குளிர்காலத்தில் தாகம் தெரியாமலே உடல் வறண்டுவிடும். ஊர்த் தொட்டிகளில் உள்ளது கால்நடைகளுக்கும் வீட்டுக்கும் கணக்காகச் சேர்த்து வைத்த நீர். குளிப்பதற்கு அதைக் கேட்காதீர்கள்.

ஜீப் இல்லாமல் பறவை பார்க்க முடியுமா?

முடியும், பல பறவைகளை ஜீப் இல்லாமல்தான் நன்றாகப் பார்க்க முடியும். இந்தப் பயணத்தின் மிகப் பெரிய செலவு வாகன வாடகைதான், ஆதலால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பாலையின் சிறு பறவைகள் மண்ணோடு மண்ணாகக் கலந்த நிறம் கொண்டவை. வாகனத்தில் போனால் எழுந்து பறந்து மறையும் வாலை மட்டும் பார்ப்பீர்கள். ஊரை ஒட்டிய கல்பரப்பில் காலையில் மெதுவாக நடந்தால், பாலை வீட்டியர் ஒரு செடியின் உச்சியிலிருந்து மறு செடிக்குத் தாவுவதையும், கருந்தலைச் சிட்டு வானம்பாடிகள் கூட்டமாகத் தரையில் விதை பொறுக்குவதையும், ஆசியப் பாலைக் கதிர்க்குருவி ஒரு வீட்டியரின் பின்னாலேயே புதர் புதராக ஓடுவதையும் காணலாம். வீட்டியர் கிளப்பிவிடும் பூச்சிகளும், அது தரும் எச்சரிக்கையும் கதிர்க்குருவிக்குப் பயன்படுகின்றன. ஆகவே வீட்டியர் கண்ணில் பட்டதும் நகர்ந்துவிடாமல், அதன் பின்னே தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

உட்கார்ந்து பார்ப்பதற்கு மிகச் சிறந்த இடம் டோபா என்னும் சிறு மழைநீர்க் குட்டை. புறா அளவுள்ள தரைப்பறவைகளான கல்கௌதாரிகள் உலர்ந்த விதைகளையே தின்பவை என்பதால் அன்றாடம் நீர் தேடி வந்தே ஆக வேண்டும். செம்பழுப்பு வயிற்றுக் கல்கௌதாரிகள் சூரியன் எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வரும். முதலில் குரல் கேட்கும். பிறகு தொலைவில் கூரிய சிறகுடைய கூட்டம் ஒன்று வேகமாக வட்டமிடும். கரையிலிருந்து சற்றுத் தள்ளி இறங்கி, கழுத்தை நீட்டி நின்று, பாதுகாப்பு என்று உறுதியானதும் சிறு கால்களால் ஓடி வந்து நீரில் அலகை வைக்கும். சில மடக்கு குடித்ததும் எல்லாம் சேர்ந்து கிளம்பிவிடும். நிமிட நேரத்துக்குள் முடிந்துவிடுகிற நிகழ்ச்சி அது. குஞ்சு வளர்க்கும் காலத்தில் ஆண் பறவை தன் வயிற்றிறகுகளை நீரில் நனைத்து, பல கிலோமீட்டர் பறந்து சென்று குஞ்சுகளுக்குக் கொடுக்கும். இந்த நீரருந்தும் நேரத்தில் நீங்கள் எழுந்து நடந்தால் அவை குடிக்காமலே திரும்பிவிடும். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, ஒரு புதரின் அருகே, அவை வருவதற்கு முன்பே சென்று அமர்ந்து, அவை போன பிறகே எழ வேண்டும்.

பூங்காவுக்குள் செல்லும் ஒரு நாளுக்கு மட்டும் வண்டி எடுங்கள். நான்கு பேர் பகிர்ந்தால் சுமை குறையும். தனியாகச் செல்வோர் ஜெய்சால்மரில் ஒரு நாள் தங்கி வேறு பறவை நோக்குவோருடன் சேர்ந்துகொள்ளலாம். ஓட்டுநர் தடத்தை விட்டு விலகி ஓட்ட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சேவண் என்னும் பாலைப் புல்லின் திட்டு மீது ஒரு சக்கரம் ஏறிய வடு பல ஆண்டுகள் நிற்கும்.

கானமயிலைப் பார்க்க முடியுமா?

வாய்ப்பு உண்டு, உறுதி கிடையாது. உலகில் எஞ்சியிருக்கும் கானமயில்கள் 150-க்கும் குறைவு. அவற்றில் பெரும்பாலானவை ஜெய்சால்மர் மாவட்டத்தில்தான் உள்ளன. இந்தியத் தீபகற்பத்தின் வறண்ட புல்வெளிகளில் ஒரு காலத்தில் பரவலாக இருந்து, தமிழ்நாட்டிலும் வாழ்ந்து மறைந்த பறவை இது. ஒரு மீட்டர் உயரமும், ஆணுக்குப் பதினைந்து கிலோ வரை எடையும் கொண்ட இந்தப் பறவையை ராஜஸ்தான் தன் மாநிலப் பறவையாகக் கொண்டிருக்கிறது. அங்கே அதன் பெயர் கோடாவண்.

வழக்கமாக ஒரு முட்டையே இடும், அதையும் வெறும் தரையில் இடும். ஒரு நாயோ நரியோ வந்தால் அந்த ஆண்டின் முயற்சி முடிந்துபோகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து வானில் உள்ளது. கானமயிலின் கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேரெதிரே உள்ள மின்கம்பி அதற்குத் தாமதமாகவே தெரிகிறது. தெரிந்தாலும் கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டு செல்ல ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அந்த ஆணையை மாற்றி, தீர்வு காண வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. பூங்காவுக்குச் செல்லும் சாலையில் காற்றாலைகளும் கம்பி வரிசைகளும் அடிவானம் வரை நிற்பதை நீங்களே பார்ப்பீர்கள். தூய்மையான மின்சாரம் நமக்குத் தேவைதான். ஆனால் அதன் பாதையை இந்த நிலப்பகுதியில் மாற்றியமைப்பது இயலாத செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

சாமிலும் ராம்தேவ்ராவிலும் உள்ள இனப்பெருக்க மையங்களில் முட்டையிலிருந்து குஞ்சுகளை வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாகவும் ஒரு குஞ்சு பிறந்தது. இவை சுற்றுலாப் பயணிகளுக்கான இடங்கள் அல்ல, அனுமதி கேட்டு வற்புறுத்தாதீர்கள். சுதாசரியில் வனக்காவலருடன் காலையில் நடந்தால், தொலைவில் புல்லுக்கு மேலே வெண்ணிறக் கழுத்து ஒன்று நிமிர்ந்து நிற்பதைக் காணும் வாய்ப்பு உண்டு. காவலர் நிறுத்துமிடத்தில் நின்றுவிடுங்கள். இன்னும் பத்தடி முன்னே போகலாமா என்று கேட்பதற்கு இது ஏற்ற பறவையன்று.

அது கிடைக்காவிட்டாலும் அதே நிலத்தில் அதன் சிறிய உறவான மெக்வீன் கானமயில், மணல்நிறக் கோர்சர் என்னும் தரைப்பறவை, நீண்டகால் வைரி, லகார் வல்லூறு, சிங்காரா மான், பாலை நரி ஆகியவை இருக்கும்.

தொலைநோக்கி, கேமரா பற்றிச் சொல்ல முடியுமா?

எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 அளவுள்ள இருகண் நோக்கி போதும். காலை ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் கானல் எழுந்து, தொலைவில் உள்ள எல்லாம் நெளியத் தொடங்கும். உருப்பெருக்கம் கூடக்கூட நெளிவும் கூடும். கடன் வாங்கியாவது பெரிய தொலைநோக்கி கொண்டு செல்ல வேண்டும் என்பதில்லை. ஆடியில் மணல் படிந்தால் துணியால் துடைக்காமல் முதலில் ஊதுபந்தால் ஊதி அகற்றுங்கள். ஒரே துடைப்பில் பூச்சு கீறிவிடும். பறவைகளை வரவழைக்கப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்வது வேண்டாம். ட்ரோன் அறவே கூடாது.

பாம்பு, தேள், நாய் ஆகியவற்றுக்கு அஞ்ச வேண்டுமா?

குளிர்காலத்தில் பாம்புகளின் நடமாட்டம் குறைவு. ஆயினும் சுருட்டை விரியன் தார் பாலையில் பரவலாக உள்ளது. காலணியை உதறிவிட்டே அணியுங்கள், கூடார வாயிலை எப்போதும் மூடி வையுங்கள், இரவில் தலைவிளக்கு இல்லாமல் நடக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

உண்மையான ஆபத்து நாய்கள்தாம். ஜோர்பீரில் பிணங்களைத் தின்று பழகிய நாய்க்கூட்டங்கள் மனிதருக்கு எளிதில் அஞ்சுவதில்லை. அங்கே தனியாக நடக்காதீர்கள். ஆட்டோவையோ காரையோ அருகிலேயே நிறுத்தி வைத்துக்கொண்டு பாருங்கள்.

குப்பையை என்ன செய்வது?

ஒரு பழத்தோலும் விடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். உலர்ந்த மணலில் எதுவும் எளிதில் மட்குவதில்லை என்பது ஒரு காரணம். மீந்த உணவு நாயையும் காக்கையையும் நரியையும் வரவழைக்கும், அவை அங்கேயே தங்கிவிடும், கோடையில் தரையில் இருக்கும் முட்டைகள் அவற்றுக்கு இரையாகும் என்பது இன்னும் முக்கியமான காரணம். ஒரு முகாமின் எச்சிற்சோறு, நான்கு மாதம் கழித்து ஒரு கானமயிலின் முட்டையைப் பறிக்கக்கூடும்.

எல்லைப் பகுதி என்பதால் தனி விதிகள் உண்டா?

உண்டு. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்குச் செல்ல மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை; வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்குக் கட்டுப்பாடு கூடுதல். புறப்படும் முன் ஜெய்சால்மரில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயற்கைக்கோள் தொலைபேசிகளையும், செய்தி அனுப்பும் செயற்கைக்கோள் கருவிகளையும் அனுமதியின்றி இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். வெளிநாட்டிலிருந்து வருவோர் இதை அறியாமல் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பொக்ரான் பக்கம் ராணுவத்தின் சுடுபயிற்சி நிலம் உள்ளது. வேலி இல்லாத இடத்திலும் உள்ளே செல்லாதீர்கள்; வெடிக்காத குண்டுகள் மணலில் கிடக்கக்கூடும். அடையாள அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள், காவலர் கேட்டால் தொலைநோக்கியையும் பறவைக் கையேட்டையும் காட்டி அமைதியாக விளக்குங்கள்.

பெண்கள் தனியாகவோ, குழந்தைகளோடோ செல்லலாமா?

குடும்பம் குடியிருக்கும் வீட்டின் முற்றத்தில் தங்குவதாக இருந்தால் தயங்காமல் செல்லலாம். வீட்டுப் பெண்களோடு அடுப்படியில் அமர்ந்து பேசும் வாய்ப்பு பெண் பயணிகளுக்கே கிடைக்கும். ஆளில்லாத வெளியில் தனிக்கூடாரம் யாருக்குமே நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகளுக்குக் கீச்சன் மிகவும் பிடிக்கும், ஜோர்பீரைத் தவிர்த்துவிடலாம்.

எங்கே சிக்கனம் பார்க்கலாம், எங்கே பார்க்கக் கூடாது?

ரயில் வகுப்பு, அறை, வாகனம், கருவிகள் ஆகியவற்றில் தாராளமாகக் குறைக்கலாம். பாய், தண்ணீர், பூங்கா நுழைவுக் கட்டணம், உடன்வரும் வழிகாட்டிக்கான கூலி ஆகியவற்றில் குறைக்கவே கூடாது. வீட்டார் கேட்கும் தொகையைப் பேரம் பேசிப் பாதியாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பறவை இருப்பதால் தங்கள் ஊருக்கு ஆள் வருகிறது, அந்த வருகையால் வீட்டுக்கு வருமானம் வருகிறது என்று அவர்கள் உணர்ந்தால்தான், அடுத்த முறை ஓரண் நிலத்தை யாராவது கேட்டு வரும்போது ஊர் கூடி மறுக்கும்.

பார்த்த பறவைகளின் இடத்தை மற்றவர்களோடு பகிரலாமா?

பொதுவான பறவைகளின் பட்டியலை, பறவை நோக்குவோரின் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் (eBird) இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். குளிர்கால வானம்பாடிகளையும் கல்கௌதாரிகளையும் பற்றிய பதிவுகள் ஆய்வாளர்களுக்கு உதவும். கானமயில், மெக்வீன் கானமயில் ஆகியவற்றைப் பார்த்த துல்லியமான இடத்தையும், இட விவரம் பதிந்த படங்களையும் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். கானமயிலைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் உடன்வந்த வனக்காவலரிடம் சொல்லிவிடுங்கள். செத்த பறவையை மின்கம்பியின் கீழே கண்டால் அதைத் தொடாமல் படமெடுத்து, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் குறித்து அன்றே வனத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.